புல் குறையவில்லை

ஆம்பூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறேன். போன வருடம் ஒரு பெண்குதிரை வாங்கினேன். வயது தெரிய வாயைத் திறந்து கீழ்ப்பற்களைப் பார்த்தேன். இளசுதான் என்று திருப்தியோடு ஓட்டி வந்தேன்.

பாலாற்றங்கரையில் தினமும் மேயக் கட்டினேன். குனிந்த தலையை அது நிமிர்த்தாது. ஆனாலும் நாளுக்கு நாள் விலா எலும்பு தெரிந்தது. மேட்டில் வண்டி இழுக்காமல் நின்றது. சோம்பேறி என்று சாட்டையால் அடித்தேன்.

ஒருநாள் எனக்குச் சோறு கொண்டுவந்த என் மனைவி சரோஜா, குதிரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

“இன்னாங்க, காலைல இருந்து மேயுது, புல்லு கொஞ்சங்கூட கொறயலியே. இது பட்டினி கெடக்குதுங்க” என்றாள்.

மூடியிருந்த வாயின் உதட்டை விலக்கினேன். மேல்பற்கள் கிளிமூக்குப் போலக் கீழ்ப்பற்களைத் தாண்டி நீண்டிருந்தன. பிறவிக் குறை. தரைப்புல்லைக் கடிக்க முடியாமல், நாளெல்லாம் வெறுமனே மோந்துகொண்டு இருந்திருக்கிறது. சரோஜா அறுத்து நீட்டிய புல்லை அது வாங்கித் தின்ற வேகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது புல்லை அறுத்து, வேகவைத்த கொள்ளோடு கலந்து, அருகிலேயே நின்று ஊட்டுகிறேன். சாட்டை பரணில் கிடக்கிறது.

சரோஜா “நான் அப்பவே சாப்டுட்டேன்” என்றால், சோற்றுப் பானையையும் திறந்து பார்த்துவிடுகிறேன்.