காட்டெருமை வந்த வார்டு

குழந்தைகள் வார்டு நர்ஸைப் பார்த்து எந்தக் குழந்தையும் சிரித்ததில்லை. என்னைப்போல் ஊசியும் கையுமாய்த் திரிந்தவர்களுக்கு இது தெரியும்.

கட்டிலுக்குக் கட்டில்

குன்னூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஊட்டிக் காலேஜ் பிள்ளைகள் நாடகம் போட வந்தார்கள். நாடகத்தை எழுதிய கௌரிதான் தலைவி, கூட பிரபு. இருவருக்கும் ஊர் கோயம்புத்தூர். "இருக்கிற கூத்து போதாதா?" என்று எரிந்து விழுந்தேன். அவர்களோ நான் சொல்லாமலே சோப்பு போட்டுக் கை கழுவினார்கள்!

எனக்கு அன்று மனசே சரியில்லை. மூலைக் கட்டில் செல்வி, மஞ்சூர் எஸ்டேட் பிள்ளை, தேயிலைச் சரிவில் விழுந்து காலை உடைத்துக்கொண்டவள். மாவுக்கட்டு பிரித்தும் தரையில் கால் வைக்க மாட்டேன் என்று அடம். நடக்காவிட்டால் முழங்கால் இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கெஞ்சினோம், மிரட்டினோம், மிட்டாய் காட்டினோம். ம்ஹும்.

படுத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று, ஒரே காட்சியை ஒவ்வொரு கட்டிலருகிலும் சலிக்காமல் நடித்தாள் கௌரி. எங்கள் ஆயா சொன்னார்: "ஏனுங்க சிஸ்டர், நம்ம டாக்டருகூட இத்தன பொறுமையா ரவுண்ட்ஸ் போனதில்லீங்க!"

ராஜாவுக்கு ஊசி

நடுவில் ஊசி நேரம் வந்துவிட்டது. "மொதல்ல ராஜாவுக்குப் போடுங்க" என்றான் ஒரு பொடியன். ராஜா வேஷத்தில் பிரபு. ஊசியில்லாத சிரிஞ்சைத்தான் அவன் புஜத்தில் வைத்தேன். போட்டான் பாருங்கள் ஒரு அலறல்! வார்டே குலுங்கிச் சிரித்தது. பொடியன் தானாகக் கையை நீட்டிவிட்டு, ராஜாவைத் தேற்றினான்: "அழுவாதீங்க ராஜா, ஊதுனா சரியாப் போயிருமுங்க."

ஓடக் கூடாது

அடுத்து, கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிரபு காட்டெருமை ஆனான். கொழுந்து பறிக்கும் கௌரி "ஐயோ!" என்று ஓடினாள். அவ்வளவுதான், எஸ்டேட் பிள்ளைகள் கத்தித் தீர்த்துவிட்டார்கள். காட்டெருமையைக் கண்டு ஓடுவார்களா யாராவது? முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். மலையில் அது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். கீழ்நாட்டுப் பிள்ளை, பாவம், தெரியாமல் எழுதிவிட்டாள்.

செல்விதான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினாள். கத்திக்கொண்டே கட்டில் விளிம்புக்கு வந்துவிட்டாள். கௌரி கெட்டிக்காரி, அதைக் கவனித்துவிட்டாள். வேண்டுமென்றே மறுபடியும் ஓடினாள். மறுபடியும் தப்பு. "அப்படியில்ல அக்கா, இங்க பாருங்க!" என்று செல்வி இறங்கியே விட்டாள்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காட்டெருமையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பின்பக்கமாக ஓரடி வைத்தாள். அப்புறம் இன்னொரு அடி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "செல்வீ!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சும்மா நில்லுங்க சிஸ்டர்! சத்தம் போட்டா மாடு பாஞ்சிரும்."

முன்னால் ஓரடி வை என்று படித்துப் படித்துச் சொன்ன எங்களால் ஆகாததை, காட்டெருமையைக் கண்டால் ஓடக் கூடாது என்றுகூடத் தெரியாத இரண்டு பிள்ளைகள் அவளைப் பின்னால் நடக்கவைத்துச் சாதித்துவிட்டார்கள்.