ஒமிர்சாக்கின் கை பிரேக்

ஒமிர்சாக்கின் உவாஸ் ஜீப்புக்கு வயது நாற்பத்தொன்று. சாத்தினால் சாத்திக்கொள்ளும் கதவு அதில் ஒன்று. சாத்திக்கொண்டதுபோல் நடிக்கும் கதவுகள் மூன்று. இடது விளக்கு சாலையைப் பார்க்கும், வலது விளக்கு மரத்தில் ஆந்தை தேடும். கேகென் மலைப்பாதையில் இதை அடித்துக்கொள்ள வண்டி கிடையாது என்பார் ஒமிர்சாக். அடித்துக்கொள்ள இனி அதில் தகரம் ஏது என்பார் அவருடைய சேக்காளி, வெல்டர் தோஸ்கென்.

இந்தக் கோடையில் பாலத்தடியில் போலீஸ் சாவடி போட்டுவிட்டார்கள். பரிசோதனைச் சீட்டு இல்லாத வண்டி மேய்ச்சல் மலைக்கு ஏற முடியாது. வண்டி ஏறாவிட்டால் மூட்டுவலிக்காரியான ஒமிர்சாக்கின் மனைவி குல்பாஷ் ஏற மாட்டாள். அவள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"சீட்டு வந்தா மலை. வரலைன்னா ஆட்டையும் மாட்டையும் உங்க தம்பிகிட்ட விட்டுட்டு அல்மாட்டிக்குப் போயிடலாம். மக வீடு ஒன்பதாவது மாடி. நல்லா காத்து வரும்."

அந்தக் காற்றை ஒமிர்சாக் போன குளிர்காலத்தில் பன்னிரண்டு நாள் வாங்கியிருக்கிறார். லிஃப்டில் இறங்கி பெஞ்சில் உட்காருவார். ஒருவரும் நலம் விசாரிக்க மாட்டார்கள். திரும்ப லிஃப்டில் ஏறுவார். கடைசி நாளில் அவர் யாரோ வீட்டு நாயிடம் குதிரை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை மகளே பார்த்துவிட்டாள்.

ஆகவே மூன்று வாரம் மனிதர் ஜீப்புக்கு அடியிலேயே குடியிருந்தார். கால் பிரேக்கின் குழாய்களை மாற்றினார். ஆந்தை விளக்கைத் தரைக்கு இறக்கினார். தோஸ்கென் மூன்று கதவுகளையும் பற்றவைத்துச் சரிசெய்தார். கை பிரேக்தான் பாக்கி. கியர் பெட்டிக்குப் பின்னாலிருந்த அதன் டிரம்முக்குள், வண்டியைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கட்டைகளே இல்லை. எண்ணெயில் ஊறிப்போனவற்றை இருபது வருடத்துக்கு முன்பு கழற்றி எறிந்தவரே இவர்தான். அன்றுமுதல் மேட்டில் வண்டி நின்றால் குல்பாஷ் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் வைப்பாள்.

"பரிசோதிக்க வர்றவன் லிவரை இழுத்துப் பாப்பான். டக் டக்குனு சத்தம் வந்தா போதும்," என்றார் ஒமிர்சாக். சத்தம் மட்டும் பிரமாதமாக வரும்படி லிவருக்குப் புதுப் பல் வைத்தார்.

"கை பிரேக்கும் சரியாயிடுச்சா?" என்று குல்பாஷ் கேட்டாள்.

"ஆச்சு."

"அப்ப இனிமே கல்லு தூக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு மாவு பிசையப் போனாள். ஒமிர்சாக்குக்கு ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் ஒன்பதாவது மாடி அதைவிட உயரம்.

பரிசோதனை லாரி பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தது. பரிசோதகன் ரவான் ஒல்லியான பையன். வந்தவர்கள் நீட்டிய டீயை ஒவ்வொருவரிடமும் மறுத்துக்கொண்டிருந்தான். டீ குடிக்காத ஆளை எங்கே பிடிப்பது? ஒமிர்சாக் குலத்தில் பிடித்தார்.

"தம்பி, அம்மா எந்த ஊரு?"

"அது வண்டிக்குத் தேவையில்லீங்க."

"சும்மா சொல்லு."

"இந்த ஊர்தான். கொல்லர் ஸ்மாகுல் மக."

ஒமிர்சாக் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கூவினார். "அட, நம்ம மருமகப்புள்ளப்பா. ஊரே உனக்குத் தாய்மாமன். என்ன வேணும் கேளு, மாமன் இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிடும்."

தோஸ்கென் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த மலையில் மருமகன் வாய்விட்டுக் கேட்டதை மாமன் மறுத்த வரலாறு இல்லை. நல்ல நல்ல குதிரைகள் அப்படிக் கைமாறியிருக்கின்றன. நுணலும் தன் வாயால் கெடும்.

ரவான் பேனாவை மூடினான். "நிஜமாவே கேக்கலாமா மாமா?"

"கேளு."

"டீ குடிக்கலாம். வண்டிய அந்த மேட்டுல நிறுத்துங்க. கியர் போடாம, கை பிரேக்க மட்டும் இழுத்துட்டு இறங்கி வாங்க. எங்கூட ஒரு கிண்ணம் குடிங்க. அவ்வளவுதான்."

ஜீப் மேட்டில் ஏறி, சரிவைப் பார்த்து நின்றது. டக் டக் டக். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. குல்பாஷ் கீழே புல்லில் துணி விரித்து, பவுர்சாக் பணியாரத்தைக் கொட்டி, கிண்ணங்களில் பால் டீ ஊற்றினாள். ஒமிர்சாக்கின் வலது கால் பிரேக் மிதியில் வேர்விட்டிருந்தது.

"இறங்குங்க மாமா."

"இங்கயே குடிச்சுக்கறேன். இடுப்பு புடிச்சிருக்கு."

"டேய், நேத்து சாயந்தரம் ஆட்டுக்குட்டி பின்னால ஓடுன இடுப்புதானடா அது," என்றார் தோஸ்கென். வரிசை சிரித்தது.

குல்பாஷ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். ஜீப்புக்கு நேர் முன்னால், பம்பர் முட்டும் இடத்தில் வந்து நின்றாள். "மருமகன் காத்துகிட்டிருக்கான். இறங்குங்க."

"நீ நகரு."

"எதுக்கு? பிரேக்தான் போட்டிருக்கே."

ஒமிர்சாக் மிதியை இன்னும் அழுத்தி மிதித்தார். "குல்பாஷ், நகந்துக்கோ. உள்ள ஒண்ணுமில்ல. சத்தம் மட்டுந்தான்."

குல்பாஷ் அவரையே பார்த்தாள். பிறகு கிண்ணத்தை பானட்டின் மேல் வைத்தாள். பக்கக் கதவைத் திறந்து, வண்டிக்குள் காலடியில் கிடந்த அந்தப் பழைய கல்லை எடுத்தாள். முழங்காலில் ஒரு கையை ஊன்றி மெதுவாகக் குனிந்து, அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள்.

"இப்ப இறங்கலாம்," என்றாள்.

அதைவிட அவள் அவரை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ரவான் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். சீட்டு மட்டும் தரவில்லை. "பத்து நாள்ல சரிபண்ணிட்டு வாங்க மாமா. பக்கத்து ஊர்ல இருப்பேன்."

தோஸ்கென் தன்னுடைய செத்த ஜீப்பிலிருந்து பிரேக் கட்டைகளைக் கழற்றிக் கொடுத்தார். கூடவே ஆயுள் முழுவதும் சொல்லிக்காட்டும் உரிமையையும் எடுத்துக்கொண்டார். ஒமிர்சாக் கட்டைகளை மூன்று முறை பொருத்தி மூன்று முறை பிரித்தார். நான்காவது முறைதான் அவருக்கே நம்பிக்கை வந்தது.

பத்தாம் நாள், இன்னொரு மேடு. ஜீப் ஏறி நின்றதும் குல்பாஷ் யாரும் சொல்லாமலே போய் பம்பருக்கு முன்னால் நின்றாள்.

"அத்தை, அதெல்லாம் சட்டத்துல இல்ல. தள்ளி வாங்க," என்றான் ரவான்.

"உன் சட்டத்துல இல்லை," என்றாள், நகராமல்.

ஒமிர்சாக் லிவரை இழுத்தார். மிதியிலிருந்து காலை எடுத்தார். வண்டி அசையவில்லை. இறங்கினார். டீ ஆறிக்கொண்டிருந்த பக்கம் போகாமல், ஜீப்பைச் சுற்றி வந்து குல்பாஷுக்குப் பக்கத்தில் தானும் நின்றுகொண்டார்.

"ஒருத்தர் நின்னாலே தப்பு. ரெண்டு பேரும் ஏன் மாமா நிக்கிறீங்க?" என்றான் ரவான்.

"நீ சீட்டை எழுது," என்றார் ஒமிர்சாக்.