பாசி மகசூல்

மீன்தொட்டிக்குள் வைக்கும் பீங்கான் பொம்மைகளைச் சுட்டெடுப்பதுதான் என் தொழில். புதையல் பெட்டி, வாயைப் பிளந்த முதலை, முத்துக் குளிக்கும் ஆள் என்று விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பட்டறையில் பல வருடமாகச் சூளை பார்த்துவருகிறேன். இதனால் கடலுக்கடியில் என்னென்ன இருக்கும் என்று முடிவு செய்யும் அதிகாரம் எனக்கு உண்டு என்ற நினைப்பு எப்படியோ வந்துவிட்டது. முழங்காலுக்கு மேல் நான் கடலில் இறங்கியதில்லை.

ஒருமுறை சரக்கு கொடுக்கச் சென்னைக்குப் போன இடத்தில், ஒரு கடையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். உள்ளே உயிருள்ள பவளங்கள் பூப்போல விரிந்து அசைந்தன. நடுவே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். என் பொம்மைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. அது கொஞ்சம் உறுத்தியது. "இத வூட்டுல வெச்சு வளக்கறது ரொம்பக் கஷ்டம் சார்" என்றார் கடைக்காரர். அவர் அப்படிச் சொல்லாமலிருந்தால் நான் பேசாமல் ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன்.

சீக்கிரமே எங்கள் ஹாலில் டிவி இருந்த இடத்தில் பாறை, பவளம், இரண்டு பட்டை மீன்களோடு ஒரு தொட்டி வந்து உட்கார்ந்தது. டிவி சமையலறை வாசலுக்குப் போனது.

"கடலே வூட்டுக்கு வந்துடுச்சு. இனிமே கடலூருக்குப் போற வேலையே இல்ல" என்றேன் பெருமையாக.

"நாம எப்பங்க கடலூருக்குப் போனோம்?" என்றாள் என் மனைவி பானுமதி.

ஆரம்பம் அமோகமாக இருந்தது. பாறையில் பச்சையாக ஒரு பொட்டு தெரிந்தபோது, இயற்கை வந்துவிட்டது என்று போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். இயற்கை அத்துடன் நிற்கவில்லை. தலைமுடி மாதிரி நீண்டு, பாறையை மூடி, பவளங்களின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. மீன்கள் அதற்குள் போனால் எப்போது வெளியே வரும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

போட்டோவைப் பார்த்துவிட்டு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் மச்சினன் மாயவன் வந்தான். நெல் விவசாயி. தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான்.

"நல்லா தூர் கட்டியிருக்குது மாமா. யூரியா எதுனா போட்டீங்களா?"

"இது பாசிடா. ஒழிக்க வழி தெரியாம இருக்கேன்."

"ஒழிக்கறதா? எங்க வயலே இப்படி வரல மாமா."

அன்றிலிருந்து போர் தொடங்கினேன். இருட்டில் பாசி சாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். தொட்டியைப் போர்வையால் மூடிவைத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்கள். போர்வையை எடுத்ததும் பாசி பழையபடி தழைத்தது. பாசி தின்னும் நத்தைகளை வரவழைத்தேன். அவை கண்ணாடியில் ஏறி விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்தன. தப்பித்துப் போகப் பார்க்கின்றன என்பது பானுமதியின் கருத்து.

இத்தனை களேபரத்தில் மீன்கள் இளைத்துவிடக்கூடாதே என்று தீனியை மட்டும் கூட்டிக்கொண்டே போனேன். வேலைக்குப் போகும்போது கொஞ்சம், சாப்பிட வரும்போது கொஞ்சம், விருந்தாளி யாராவது வந்தால் வேடிக்கை காட்டக் கொஞ்சம். தண்ணீர் வற்றினால் கொல்லையில் இருக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றினேன். நாங்கள் குடிக்கும் ஆர்.ஓ. பில்டர் தண்ணீரில் சத்து இருக்காது என்பது என் கொள்கை. கடலின் முழு அழகும் தெரிய வேண்டுமே என்று விளக்கு காலை முதல் இரவு வரை எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறைகளை வெளியே எடுத்து, துணி துவைக்கும் கல்லில் வைத்து டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பாசி கொத்துக்கொத்தாக வந்தது. வெற்றி பெற்ற மிதப்பில் எழுந்து பானுமதியைக் கூப்பிடத் திரும்பியவன், நானே சுரண்டிப் போட்ட பாசியில் கால் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தபடி கேட்டார்: "எப்படி வுழுந்தீங்க?"

"பாசி வழுக்கிடுச்சு டாக்டர்."

"கெணத்தாண்டயா?"

"இல்லீங்க. கடல் பாசி."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

கணுக்காலில் மாவுக்கட்டோடு உள் அறைக் கட்டிலில் கிடந்தேன். பாறைகளை பானுமதியே கழுவி உள்ளே வைத்தாள். கட்டிலிலிருந்து தொட்டி தெரியாது. அதனால் குரலாலேயே கடலை ஆண்டேன்.

"பானு, தீனி போட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தியாச்சு. நீங்க செத்த சும்மா இருங்க."

கட்டுப் பிரித்த பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஹாலுக்கு வந்தேன். தொட்டியில் பாறை தெரிந்தது. பாசி இருந்த இடத்தில் அங்கங்கே நல்ல பாறைக்கு வரும் ஊதா நிறம் படர ஆரம்பித்திருந்தது. சுருண்டு கிடந்த பவளங்கள் விரிந்திருந்தன. மீன்கள் இரண்டும் அவற்றுக்கு மேலே சாவகாசமாக நீந்தின. நான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன்.

பானுமதி சமையலறை வாசலிலேயே நின்றாள். முகம் சரியில்லை.

"திட்டாதீங்க. தீனி நெறைய நாளு மறந்துட்டேன். ஞாபகம் வந்தா ஒரு சிட்டிகை போடுவேன். போர்த்தண்ணிய யாரு தூக்கியாறது? நாம குடிக்கற பில்டர் தண்ணியத்தான் ஊத்துனேன். அந்த வெளக்கு வேற கண்ணு கூசிச்சு. சாயங்காலம் மட்டுந்தான் போட்டேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மீன் தின்றது போக மிஞ்சிய தீனி அழுகி எருவாகியிருக்கிறது. போர்த்தண்ணீரோடு போன சத்து பாசிக்கு ஊட்டமாகியிருக்கிறது. வெயிலுக்குப் பதிலாக விளக்கு. ஒரு பயிருக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் வேளை தவறாமல் கொடுத்திருக்கிறேன். தொட்டியில் இருந்த தொல்லை, நான் படுத்ததும் நீங்கிவிட்டது.

தெளிந்த தொட்டியின் போட்டோவையும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். அது கைமாறிப் போய், நெய்வேலியிலிருந்து பிரபாகரன் என்பவர் போன் செய்தார். அவர் வீட்டுத் தொட்டியிலும் இதே பாசியாம். "எப்படி சார் சாதிச்சீங்க?" என்றார். கால் உடைந்ததைச் சொல்லியிருக்கலாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊட்டச்சத்துக் கட்டுப்பாடு, ஒளி மேலாண்மை என்று நெடுநேரம் விளக்கினேன். பானுமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

இப்போது தீனி டப்பா சமையலறையில், பெருங்காயத்துக்குப் பக்கத்தில் அவள் பொறுப்பில் இருக்கிறது. கேட்டால் சிட்டிகை அளவு என் உள்ளங்கையில் தட்டுவாள். இரண்டாம் முறை கேட்டால் தரமாட்டாள். என் நிழலைக் கண்டதும் மீன்கள் கண்ணாடியோரம் ஓடி வந்து வாயைத் திறக்கின்றன. நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறேன்.