அவர் கை நகரவில்லை

நான் ஓட்டுவது எழுபது பேர் உட்காரும் புரொப்பல்லர் விமானம். அதில் துணை விமானியாகச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஜெட் ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் ஒருவர் எங்களிடம் வந்தார். அவர் இருந்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு எங்கும் ஜெட்டில் இடம் கிடைக்காமல் ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி பரீட்சை எழுதி, எங்கள் விமானத்துக்குத் தேறி வந்திருந்தார்.

அவர் ஊர் சித்தூர் பக்கம் பாகாலா. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். என் ஊர் நகரிக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. என் நைனா அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போனவர். முதல் நாள் திருப்பதி விமான நிலையம் இருக்கிற ரேணிகுண்டாவில் இறங்கியபோது, தரையில் வேலை பார்க்கிறவர்களிடம் நான் தெலுங்கும் தமிழுமாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "நம்ம பக்கத்துப் பொண்ணா நீ?" என்றார். அதிலிருந்து நாங்கள் இருவரும் ஊர்த் தமிழில்தான் பேசிக்கொண்டோம். காக்பிட்டுக்குள் மட்டும் ஆங்கிலம். அது விதி.

ஏழு வாரம் சேர்ந்து பறந்தோம். அவருக்கு எதைப் பார்த்தாலும் ஜெட்டோடு ஒப்பிட வேண்டும். ஜெட்டில் விமானிக்கு முன்னால் இழுத்துக்கொள்ள ஒரு மேசை உண்டு, தட்டை வைத்து நிதானமாகச் சாப்பிடலாம். இங்கே டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு துன்ன வேண்டியிருக்கிறது என்பார். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு தரையிறக்கம், மிஞ்சினால் நான்கு. இங்கே ஆறு. இருபத்தைந்து நிமிஷத்தில் ஆட்களை இறக்கி, ஏற்றி, மறுபடி கிளம்ப வேண்டும். மே மாதம் ரேணிகுண்டாவில் நிற்கும்போது காக்பிட்டில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அவர் புலம்பியதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வரும். எனக்கு இந்த விமானம் கிடைத்ததே பெரிய விஷயம். ஜெட்டில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது, இங்கேதான் ஓட்டுகிறோம் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

பெரிய வித்தியாசம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஜெட்டில் வேகத்தை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது வேகம் குறைந்தால் என்ஜின் தானாகச் சக்தியைக் கூட்டும். சக்தியைக் கூட்டிக் குறைக்கும் லீவர்மேல் கையை வைத்திருந்தால் போதும், தள்ள வேண்டியதில்லை. எங்கள் விமானத்தில் அது கிடையாது. கை தள்ளினால்தான் என்ஜின் கேட்கும். அவர் பதினெட்டு வருஷம் தள்ளாமலே இருந்த கையோடு வந்திருந்தார்.

அன்று தொடர்ந்து நான்காவது நாள். நான்கு நாளும் விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்திருந்தோம். அன்றைய ஐந்தாவது பயணம் ஹைதராபாத்திலிருந்து திருப்பதிக்கு. மதியம் இரண்டு மணி வெயிலில், மலைப் பக்கமிருந்து வந்த காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஓட்டியவர் அவர். வேகத்தைக் கவனித்துச் சொல்ல வேண்டியது என் வேலை.

ரன்வே கண்ணுக்குத் தெரிந்தது. வேகம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியது. "ஸ்பீட்" என்றேன். "செக்ட்" என்றார், பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். லீவர்மேல் இருந்த கை அப்படியே இருந்தது. முள் இன்னும் இறங்கியது. மறுபடி "ஸ்பீட்" என்றேன். மறுபடி "செக்ட்." அவர் கண் ரன்வேயில் இருந்தது. குரல் தெளிவாக இருந்தது. கைதான் நகரவில்லை.

"சார், ஸ்பீட் போய்க்கினே இருக்குது. பவர் குடுங்க."

விதியை மீறித் தமிழில் சொன்னேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தார். அதற்குள் நான் அந்தக் கையின்மேல் என் கையை வைத்து லீவரை முன்னால் தள்ளிவிட்டேன். விமானம் முக்கி மேலே ஏறியது. ஒரு சுற்று வந்து, இரண்டாம் முறை நான் இறக்கினேன். பின்னால் இருந்தவர்கள் கோவிந்தா சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் அவர் றெக்கை நிழலில் வந்து நின்றார்.

"இன்னா பண்ணப்போற?"

அறிக்கை எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். நான் எழுதாவிட்டாலும் விமானத்தில் எல்லாம் பதிவாகியிருக்கும், அது அவருக்கும் தெரியும். தலையாட்டினார்.

"எழுதும்மா. ஆனா நாலு நாளா மூணு மணி நேரத்துக்கு மேல தூங்கலன்னு அதையும் சேத்து எழுது."

எழுதினேன். என்ன நடந்ததோ அதை ஒரு பக்கம் எழுதினேன், எங்கள் நான்கு நாள் வேலையை இன்னொரு பக்கம் எழுதினேன். எத்தனை மணிக்கு எழுந்தோம், எத்தனை முறை இறங்கினோம், நானே இரண்டாம் நாள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன் என்பது வரை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் படிப்பார்கள் என்று நம்பினேன்.

விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். முதல் பக்கத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டார்கள். இரண்டாம் பக்கத்தை நானாகத்தான் எடுத்தேன். வேலை நேரம் சட்டத்துக்கு உட்பட்டுத்தானே இருக்கிறது என்றார் ஒருவர். தூக்கம் சட்டத்தில் இல்லையே சார் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. கடைசியில் வந்த கடிதத்தில் வேகம், லீவர், கேப்டனின் கவனக்குறைவு எல்லாம் இருந்தன. நான் உறுதியாகச் செயல்பட்டதாக ஒரு பாராட்டு வரியும் இருந்தது. நான்கு நாளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அவரை சிமுலேட்டர் பரீட்சைக்கு அனுப்பினார்கள். இரண்டு முறை தேறவில்லை. மூன்றாவது வாய்ப்பு கொடுக்காமல் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து லீவில் ஊருக்கு வந்தபோது பாகாலாவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, இரண்டாம் பக்கத்தை நிஜமாகவே எழுதினேன் என்று சொல்லப் போனேனா, தெரியவில்லை. அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, உள்ளே வரச் சொன்னார்.

கேப்டன் லுங்கியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். இன்னும் விடியுமுன் டூட்டிதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையில் அந்த அறிக்கையின் நகல் வைத்திருந்தேன். எடுத்து, இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ செஞ்சது சரிம்மா. உன் எடத்துல நான் இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன். ஆனா இனிமே வராத. உன்னப் பாத்தா அந்த மதியம்தான் வருது."

எழுந்தேன். அதற்குள் அவர் மனைவி சமையலறையிலிருந்து இரண்டு தட்டோடு வந்துவிட்டார். உள்ளே இருந்தவருக்கு நாங்கள் பேசியது எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. "சோறு ஆக்கிட்டேன், துன்னுட்டுப் போ" என்றார். கேப்டன் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம் வரும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.

வாசல்வரை அவர் மனைவிதான் வந்தார். அடுத்த முறை வரும்போது போன் பண்ணிவிட்டு வா என்றார். சரி என்றேன். சித்தூர் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை.