கிணற்று மேட்டில் சொல்லக் கூடாத சொல்

இந்தச் சம்பவத்துக்கு முன்பு என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். பதிவு செய்வதுதானே என் தொழிலாகவும் இருந்தது!

மதுரையில் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவன் நான். பதிவுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றேன். பத்திரத்தில் ‘வடக்கு’ என்பது ‘கிழக்கு’ என்று விழுந்திருந்தால், கொண்டுவந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு சொல் பிசகினால் ஒரு வரப்பு நகர்ந்துவிடும் அல்லவா? அதனால் சின்னமனூர் வட்டாரத்தில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. என் பேச்சில் ழகரம் பிசகியதில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

தொலைக்காட்சியைப் பற்றி நான் எவ்வளவு கடுமையாக எழுதியிருக்கிறேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். ஞாயிறு காலையில் ஒரு நிகழ்ச்சி வரும். யாரும் கவனிக்காத தொழில்களையும், அவற்றைச் செய்யும் சாதாரண மனிதர்களையும் நேரில் போய்ப் படம் பிடித்துக் காட்டுவார்கள். மின்கோபுரத்தின் உச்சியில் வண்ணம் பூசுபவர், மலைப்பாதையில் உருண்ட லாரிகளைத் தூக்கி நிறுத்துபவர்... அது முடிந்ததும் வேறொரு சேனலில், பனிக்கடலில் நண்டு பிடிக்கும் வெள்ளைக்காரர்கள் தமிழில் ‘ஐயோ’ என்று அலறுவார்கள். அதையும் விடமாட்டேன்.

“ஏங்க, டிவி பாக்காதீகன்னு ஊருக்கெல்லாம் பேப்பர்ல எழுதிப்புட்டு, ஞாயித்துக்கெழமையானா பொட்டிய விட்டு நகர மாட்டேங்கிறீக... கரண்டு போனா முகம் செத்துப் போகுது!” என்பாள் என் மனைவி.

நான் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன்.

அந்த நிகழ்ச்சி என் தோட்டத்துக்கே வந்தது. அங்கேதான் பிசகு தொடங்கியது.

என் கிணற்றின் ஆழம் எண்பது அடி. மோட்டாரைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டம் துருவேறி ஒடிந்து, மோட்டார் தண்ணீருக்குள் போய்விட்டது. இப்படி விழும் மோட்டார்களை முங்கி எடுத்துத் தரும் தொழிலாளர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பேர்போன இணை பெருமாளும் மொக்கச்சாமியும். பெருமாள் உள்ளே இறங்குபவர். மொக்கச்சாமி மேலே கயிறு பிடிப்பவர். மொக்கச்சாமியின் தங்கையைத்தான் பெருமாள் கட்டியிருக்கிறார். மாப்பிள்ளையின் உயிர் மச்சானின் கையில் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். உண்மையில் அதில் வேடிக்கை எதுவும் இல்லை. உள்ளே இருப்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது. மேலே இருப்பவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. நடுவில் இருப்பது ஒரு கயிறும் ஒரு குரலும்தான்.

சென்னையிலிருந்து டைரக்டரும் கேமராக்காரரும் வந்து இறங்கினார்கள். நான் சலவை வேட்டியும் துண்டுமாக நின்றேன்.

தொடங்கும் முன் மொக்கச்சாமி எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

“கெணத்து வாயில நிக்கிறவுக யாரும் பேசக் கூடாதுங்கய்யா. எங்களுக்கு ரெண்டே சொல்லுதான். ஏத்துன்னா மேல. இளக்குன்னா கயித்த விடணும். அதுவும் உள்ள இருக்கிறவன் சொன்னாத்தான்.”

“மேலே தூக்குவதற்கு ‘இழு’ என்று சொல்வதில்லையா?” என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

“அந்தச் சொல்ல மட்டும் இங்கன சொல்லாதீக. கெணத்துக்குள்ள போயித் திரும்புனா அதுவும் இளக்கும் ஒண்ணாத்தான் கேக்கும். எங்க ஆளுக யாரும் அத வாயில எடுக்கிறதில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “ழகரத்தைச் சரியாக உச்சரித்தால் இந்தக் குழப்பமே வராது, மொக்கச்சாமி.”

“நீங்க சரியாத்தான் சொல்லுவீக. கெணத்துக்கு அது தெரியணும்ல?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

பெருமாள் இறங்கினார். முங்கி, மோட்டாரில் வடக்கயிற்றைக் கட்டிவிட்டு, தண்ணீர் மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த கல்திட்டில் ஏறி நின்றார். மொக்கச்சாமியும் இன்னும் இருவரும் கப்பி வழியாக வந்த கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அவர்கள் நின்ற இடம் பத்தடி தள்ளி, தென்னை மரத்தருகே. வேடிக்கை பார்க்க வந்தவர்களை, படத்தில் விழாதபடி டைரக்டர் இன்னும் தள்ளி நிறுத்தியிருந்தார். கயிறு அந்தத் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் கிணற்றுக்குள் எதுவும் தெரியாது. காதுதான் அவர்களுக்குக் கண்.

“ஏத்து!” — கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. கயிறு விறைத்தது. மோட்டார் மேலே வரத் தொடங்கியது.

“இளக்கு... கொஞ்சம் இளக்கு...” திட்டின் அடியில் மோட்டார் மாட்டியிருக்கிறது. ஒரு முழம் விட்டார்கள்.

“ஏத்து!”

நான் எட்டிப் பார்த்தேன். மோட்டார் பெருமாளின் மார்பு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லில் இடிக்காமல் இருக்க, அவர் தம் இடக்கையை அதன் அடியில் கொடுத்து வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்போது டைரக்டர் என் காதருகே வந்தார். “சார், ஓனரா நீங்க ஒரு வார்த்தை சொன்னா நல்லாயிருக்கும். உள்ள எட்டிப் பார்த்து, கம்பீரமா ‘இழுங்க’ன்னு சொல்லுங்க. ஒரே ஷாட்தான்.”

எனக்கு மறுத்திருக்கத் தெரியாதா? சற்றுமுன் கேட்ட எச்சரிக்கை மறந்துபோயிற்றா? இல்லை. நன்றாக நினைவிருந்தது. ஆனால் கேமரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரும் ஞாயிறு காலை இந்த வட்டாரம் முழுவதும் என்னைப் பார்க்கும். மோட்டாரும் தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டது. என் ழகரம் பிசகாது... இத்தனையும் ஒரு நொடிக்குள் மனத்தில் ஓடின.

கிணற்றுக்குள் குனிந்து, உரத்த குரலில் சொன்னேன்.

“இழுங்கள்!”

கிணறு அந்தச் சொல்லை வாங்கி, உருட்டி, மேலே திருப்பி அனுப்பியது. எனக்கே அது என் குரலாகக் கேட்கவில்லை.

கயிறு ஓடியது.

கப்பி கிறீச்சிட்டது. உள்ளே ஓர் அலறல். மொக்கச்சாமி தரையில் மல்லாந்து விழுந்து, தென்னையில் காலை முட்டுக்கொடுத்து, ஓடும் கயிற்றை வெறுங்கையால் இறுக்கினார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. கயிறு நின்றது.

“மாப்ளே! ஏலே பெருமாளு! இருக்கியாடா?”

பதில் இல்லை.

“ஏலே...!”

கிணற்றைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கேமராக்காரர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கேன் மச்சான்...” குரல் மிக மெல்ல வந்தது. “கையி மாட்டிக்கிச்சு... ஏத்து. பையப் பைய ஏத்து...”

ஏற்றினார்கள். மோட்டார் வந்தது. பிறகு பெருமாள் வந்தார். முழங்கைக்குக் கீழே தோல் கிழிந்து, கை வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை என்று மருத்துவமனையில் பிறகு சொன்னார்கள். மேலே வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

“யாரு மச்சான் இளக்கச் சொன்னது? நான் சொல்லலையே!”

“நீதானடா சொன்ன? கெணத்துக்குள்ள இருந்துதான வந்துச்சு!”

“நான் ஏத்துன்னுதான் சொன்னேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்களிடமிருந்து நாலு எட்டுத் தொலைவில் நின்றிருந்தேன். எனக்கு விடை தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

“செம ஷாட் சார்!” என்றார் டைரக்டர்.

ஞாயிறு வந்தது. நிகழ்ச்சியும் வந்தது. படத்தில் முதலில் கயிறு ஓடுகிறது. பின்னணியில் ஒரு குரல், ‘கயிறு பிடித்தவரின் கவனம் ஒரு நொடி சிதறியது’ என்கிறது. பெருமாளின் அலறல் கேட்கிறது. அதற்குப் பிறகு என் முகம்! ‘இழுங்கள்!’ என்று கம்பீரமாகச் சொல்கிறேன். மோட்டார் மேலே வருகிறது. ‘உரிமையாளரின் சமயோசிதம் ஓர் உயிரைக் காப்பாற்றியது’ என்று முடிக்கிறார்கள்.

முன்னால் நடந்ததைப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். பத்திரத்தில் ஒரு தாளை இடம் மாற்றி வைப்பது போல.

தொலைபேசி மணி ஓயவில்லை. உத்தமபாளையத்திலிருந்து என்னுடன் வேலை பார்த்தவர் கூப்பிட்டார். முடிதிருத்தகத்தில் எனக்காக நாற்காலியைக் காலி செய்தார்கள். “நீங்க மட்டும் அங்கன நிக்கலேன்னா அந்தப் பய போயிருப்பான்யா” என்றார் ஒருவர். நான் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. மௌனம் எந்தப் பக்கம் சாயும் என்பது, முப்பது ஆண்டுகள் சாட்சிகளைப் பார்த்தவனுக்குத் தெரியாதா?

மூன்று வாரம் கழித்து மொக்கச்சாமி வீட்டுக்கு வந்தார். உள்ளங்கைகளில் புதுத்தோல் சிவந்து பளபளத்தது. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“பெருமாளுக்குக் கையி சரியாப் போச்சுங்கய்யா. நேத்து அனுமந்தன்பட்டியில ஒரு கெணத்துல எறங்குனான்.”

“நல்லது.”

“என் கயித்துல எறங்கலைங்கய்யா. வேற ஆளப் புடிக்கச் சொல்லிட்டான்.”

நான் மீண்டும் நாற்காலியைக் காட்டினேன்.

“அவனச் சொல்லிக் குத்தமில்ல. டிவியிலயே காட்டிட்டாக. தங்கச்சி வந்து, ‘அண்ணே, உனக்கு வயசாயிருச்சு, காது மந்தமாயிருச்சு, இனி கயித்தத் தொடாத’ங்கிறா. தோட்டக்காரவுகளும் அதையேதான் சொல்றாக.” கைகளைப் பார்த்துக்கொண்டார். “நீங்க கெணத்து வாயில நின்னீகள்ல... ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அவன் இளக்குன்னு சொன்னானா, சொல்லலையா? சொல்லலேன்னா என் காது போச்சுன்னு நானே விட்டுர்றேன். கேக்காத காத வச்சுக்கிட்டு ஒருத்தன் உசுரப் புடிக்கக் கூடாதுல்லங்கய்யா?”

அவர் என்மீது குற்றம் சுமத்த வரவில்லை. அவருக்கு என்மீது சந்தேகம் கூட இல்லை. படத்தில் கேட்ட என் சொல்லை, கயிறு நின்ற பிறகு சொன்னதாகவே அவரும் எடுத்துக்கொண்டிருந்தார். தம் காதைத்தான் சந்தேகித்தார்.

நான் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன். “அந்தப் பரபரப்பில் எனக்குச் சரியாக நினைவில்லை, மொக்கச்சாமி.”

“சரிங்கய்யா” என்று போய்விட்டார்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். “நெசமாவே நெனவில்லையா உங்களுக்கு? நம்ம கல்யாணப் பத்திரிகையில எங்கப்பா விட்ட எழுத்துப் பிழைய இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கீக!”

அதற்கடுத்த ஞாயிறு தொலைக்காட்சியைப் போட்டேன். யாரோ ஒருவர் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் அவசரப்பட்டதால் விபத்து நேரவிருந்ததாகப் பின்னணிக் குரல் சொன்னது. எத்தனை ஆண்டுகளாக இப்படிப்பட்ட குரல்களை அப்படியே நம்பியிருக்கிறேன்! அந்தப் பக்கத்து மனிதரின் வீட்டில் இன்று என்ன பேசிக்கொள்வார்கள்? சாதாரண மனிதனைக் காட்டுகிறோம் என்கிறார்கள். அவனிடம் இருக்கும் ஒரே சொத்து, கூட வேலை செய்பவன் அவன்மேல் வைத்த நம்பிக்கை. அதை அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மாட்டேன் என்று சொல்லக்கூடிய என்னைப் போன்றவர்கள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கூட நிற்கிறோம்.

பெட்டியை அணைத்துவிட்டுப் பெருமாள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெருமாள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப எங்க மச்சான் காது நல்லாத்தான் இருக்கு” என்றார் பெருமாள், நிதானமாக.

“நன்றாகத்தான் இருக்கிறது.”

“ஆத்தாடி... எங்கண்ணன் மூணு வாரமா ஒழுங்காச் சோறு திங்கலையே!” என்று அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெருமாள் எழுந்தார். “நாளைக்கே அவரு கயித்துலதான் எறங்குவேன். அதுல ஒண்ணுமில்ல. ஆனா கெணத்துக்காரவுக அவரு வந்தா வேணாங்கிறாகளே? எங்கிட்ட வந்து சொல்லிட்டீக, சரி. டிவி பாத்தவுக வீடு வீடா நானாங்கய்யா போயிச் சொல்ல முடியும்?”

நியாயமான கேள்வி.

பதிவு செய்த பத்திரத்தில் பிழை இருந்தால் அதை அடித்துத் திருத்த முடியாது. பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்றை எழுதி, முதல் பத்திரத்தைப் போலவே எல்லாரும் பார்க்கும்படி பதிவு செய்ய வேண்டும். என் பணிக்காலத்தில் எத்தனையோ பேரை அப்படி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். எனக்காக எழுதுவது இதுவே முதல் முறை.

கயிறு பிடித்த மொக்கச்சாமியின் கவனம் சிதறியது என்பது தவறு. அவருக்குக் காது கேட்கவில்லை என்பது தவறு. என் குரல் உயிரைக் காப்பாற்றியது என்பதும் தவறு. காப்பாற்றியது அவருடைய கை. கிணற்றுக்குள்ளிருந்து வந்த சொல்லைக் கேட்டு, கயிற்றை விட வேண்டிய முறைப்படியே அவர் விட்டார்.

அந்தச் சொல்லைச் சொன்னவன் நான்.