பட்டன் சிஸ்டர்

"அம்மா, இந்தப் பாட்டில்ல கொஞ்சம் தண்ணி பிடிச்சுட்டு வந்துடறீங்களா?"

பாட்டில் காலியாகத்தான் இருக்கிறது. சற்று முன்புவரை நிரம்பியிருந்தது. நோயாளியின் மனைவி கைப்பைக்குள் தலையை விட்டு எதையோ தேடிய நேரம் பார்த்து, சிஸ்டர் அதை ஜன்னலோரத்துத் தொட்டிச் செடியில் கவிழ்த்துவிட்டார். இப்படி நாள் முழுக்கக் குடித்துக் குடித்து அந்தச் செடியின் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கூட்டிப் பெருக்குபவர் அதற்கு வெயில் போதவில்லை என்று நினைத்து ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தி வைக்கிறார். சிஸ்டர் வாயைத் திறப்பதில்லை.

மனைவி கதவைத் தாண்டியதும் முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் முகத்துக்குக் கீழே தன் முகம் வரும்படி உட்காருகிறார். நின்றுகொண்டு கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பது அவர் கட்சி. பிறகு துணிப்பையிலிருந்து நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து நோயாளியின் மடியில் விரிக்கிறார். "சும்மா பேசிக்கிட்டே இதுக்குப் பட்டன் போடுங்க. அவசரமே இல்ல."

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் இந்தப் பிரிவில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. லிஃப்ட் ஓட்டுபவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவர் பட்டன் சிஸ்டர். சட்டை அவர் கணவருடையது, தொப்பை விழுவதற்கு முந்தைய காலத்தது. "எனக்குப் பிடிச்சது ஒரே ஒரு சட்டை. அதையும் ஆராய்ச்சிக்குத் தூக்கிக் கொடுத்துட்டா" என்று கணவர் இன்றும் பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்புகிறார். இனி அது தனக்குப் பத்தாது என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஆராய்ச்சி என்பது விளையாட்டுப் பேச்சல்ல. மகள் கல்லூரியில் சேர்ந்த அதே வருடம் சிஸ்டரும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டார். புற்றுநோய் மருந்துகளில் சில, விரல் நுனி நரம்புகளைக் கெடுத்துவிடும். முதலில் லேசான மதமதப்பு. கண்டுகொள்ளாமல் விட்டால் போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம். சீக்கிரம் தெரிந்தால் டாக்டர் மருந்தின் அளவை மாற்றலாம். சூடான பாத்திரத்தை எப்படித் தொடுவது, கால் மரத்தவர் படியில் எப்படி இறங்குவது என்று செவிலியர் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் தெரிய வேண்டுமே! நோயாளிகள் மூச்சு விடுவதில்லை. மூச்சு விடாதவர்களிடமிருந்து விஷயத்தை எப்படி வாங்குவது என்பதுதான் சிஸ்டரின் ஆராய்ச்சி.

"எப்படி இருக்கீங்க?" என்ற கேள்வியை அவர் தன் வாயிலிருந்தே ஒழித்துவிட்டார். ஒரு பஸ் கண்டக்டர் ஒவ்வொரு முறையும் "நல்லா இருக்கேன் சிஸ்டர், சூப்பரா இருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியவருக்கு டிக்கெட்டைக் கிழிக்க வரவில்லை. சில்லறை விரலிடுக்கில் நழுவியது. நோய் போனது, கூடவே வேலையும் போனது. அதற்குப் பிறகு சிஸ்டர் கேட்பதெல்லாம் வேறு தினுசு. "நேத்து செல்ஃபோன் எத்தன தடவ கீழ விழுந்துச்சு?" "காலையில செருப்ப யாரு மாட்டி விட்டாங்க?" வீட்டிலும் இதே விசாரணைதான். "மத்தியானம் யார் கூட உக்காந்து சாப்பிட்டே?" என்று தொடங்கினால் மகள் இரண்டு கைகளையும் தூக்கிவிடுவாள். "அம்மா, நான் உன் ஆராய்ச்சிக்குச் சம்மதமே கொடுக்கல."

சட்டை விஷயத்தில் பெரிய கஷ்டம் நோயாளிக்கல்ல, சிஸ்டருக்குத்தான். ஒருவர் பட்டனோடு மல்லுக்கட்டும்போது சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலமெல்லாம் அடுத்தவருக்குத் துடைத்துவிட்டும் மாட்டிவிட்டும் பழகிய கை சும்மா இருக்குமா? ஆரம்பத்தில் தன்னையறியாமல் அவரே பட்டனைப் போட்டு முடித்துவிட்டு, பிறகு தலையில் அடித்துக்கொள்வார். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர்தான் வழி சொன்னார். "கத்துக்கிறவன் பக்கத்துல உக்காந்து, பிரேக்கை மிதிக்காம காலை அடக்கி வைக்க நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். நீயும் கையை எங்கயாவது பூட்டி வை." அன்றிலிருந்து சிஸ்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

இந்தச் சட்டையை முதலில் ஏமாற்றியவர் ஒரு தையல்காரர்.

ஒல்லியான மனிதர். சிகிச்சை பாதி முடிந்திருந்த காலம் அது. வழக்கம்போல மனைவியைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு சிஸ்டர் சட்டையை நீட்டினார். தையல்காரர் அதைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. திருப்பிப் பார்த்தார், உள்தையலைப் பார்த்தார். "யாரு சிஸ்டர் இத தைச்சது? காலர் செத்துப் போச்சு. காஜா எல்லாம் வாயப் பொளந்துகிட்டு நிக்குது." பட்டன் நுழையும் துளைக்கு அவர் தொழிலில் காஜா என்று பேர். பேசிக்கொண்டே மேலிருந்து கீழ்வரை மளமளவென்று பட்டன் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார். சிஸ்டருக்கு வாயெல்லாம் பல். விரல்களில் பழுதில்லை என்று குறித்துக்கொண்டார். அன்றைய மருந்து முழு அளவில் ஏறியது.

அடுத்த வாரம் அவர் மனைவியிடமிருந்து ஃபோன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சிஸ்டர், இவரு முன்னாடியெல்லாம் டிவியப் பாத்துக்கிட்டே ஊசி ஓட்டுவாரு. இப்ப கண்ண எடுக்காம துணியவே பாக்குறாரு. நேத்து விரல்ல ஊசி ஏறி ரத்தம் சொட்டுது, வெள்ளைத் துணியில கறைய நான் காட்டுற வரைக்கும் அவருக்குத் தெரியல."

"இத அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா!"

"எங்க சொல்றது? நீங்கதான் என்னைத் தண்ணி பிடிக்க அனுப்பிட்டீங்களே. கொஞ்சம் முன்னாடி பாட்டில் நிரம்பத்தான் இருந்துச்சு. சரி, பெரியவங்க சொல்றாங்களேன்னு போனேன்."

சிஸ்டருக்குச் சுருக்கென்றது. வீட்டார் பக்கத்தில் இருந்தால் நோயாளி மறைப்பார் என்று இவர் ஆளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். இங்கே உண்மை தெரிந்த ஒரே ஆளைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, மறைப்பவரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டையும் சேர்ந்து காலை வாரிவிட்டது. விரல் மரத்தவருக்குக் கண் துணை நிற்கும். பட்டனைப் பார்த்துப் பார்த்துப் போட்டால் விரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அதிலும் பிழைப்பே அதுவாக இருப்பவரிடம் போய்ச் சட்டையை நீட்டியிருக்கிறார்.

தையல்காரருக்கு ஃபோன் போட்டார். "அவ ஒரு பயந்தாங்கொள்ளி சிஸ்டர். எதையாவது சொல்லுவா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அன்று மாலையே சிஸ்டர் ஆராய்ச்சியை மேற்பார்வை செய்யும் பேராசிரியரின் அறையில் போய் நின்றார். அதுவரை சேர்த்த முடிவுகள் செல்லாது, முதலிலிருந்து தொடங்கப்போகிறேன் என்றார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாத்தையுமா? யோசிச்சு சொல்லுங்க. பாதிக்கிணறு தாண்டியாச்சு."

"யோசிச்சுட்டேன் மேடம். என் சட்டை அவங்க கண்ணைத்தான் சோதிச்சிருக்கு. விரலை இல்ல."

"உங்க மகளுக்கு முன்னாடி நீங்க பட்டம் வாங்குறதா பேச்சு இருந்துச்சே?"

"அவ முதல்ல வாங்கட்டும் மேடம். வீட்ல ஒருத்தராவது சீக்கிரம் வாங்கினா சரி."

பேராசிரியர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. வழிமுறையில் செய்யும் மாற்றத்துக்கு முறைப்படி ஒப்புதல் வாங்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். அதற்காக சிஸ்டர் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார், வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். இனி யாரும் சட்டையைப் பார்க்கக் கூடாது, சிஸ்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பட்டன் போட வேண்டும். வீட்டு ஆளிடமும் தனியாகப் பேச வேண்டும். ஏற்கெனவே சோதித்தவர்களை எல்லாம் ஒருவர் விடாமல் திரும்ப அழைத்தார். செடிக்கும் கொஞ்சம் விடுதலை கிடைத்தது, முன்பு போல ஓயாமல் குடிக்கவேண்டியதில்லை.

அடுத்த முறை தையல்காரர் வந்தபோது சிஸ்டர் லிஃப்ட் வாசலிலேயே நின்றிருந்தார். மனைவியைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். சட்டை மடிக்கு வந்தது.

"இப்ப என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போடுங்க."

"உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு பட்டன் போட வராது சிஸ்டர்."

"என் வீட்டுக்காரரும் அதத்தான் சொல்றாரு. போடுங்க."

முதல் பட்டன் துணியின் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது. கண் கீழே இறங்கப் பார்க்கும்போதெல்லாம் சிஸ்டர் "இங்க" என்றார். தையல்காரரின் நெற்றி வியர்த்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். சிஸ்டரின் கைகள் தொடைக்கு அடியில் கிடந்து தவித்தன. பட்டன் துளைக்குள் போகவே இல்லை. கடைசியில் தையல்காரர் சட்டையை மடியிலிருந்து தள்ளிவிட்டார்.

"ஆமா, மரத்துத்தான் கெடக்கு. என்ன இப்போ? சொன்னா மருந்த நிறுத்துவாங்க. மருந்து நின்னா நான் நின்னுடுவேன். விரலு போனா தொழில்தானே போகும்? உசுரு இருந்தா போதும்னு இருக்கேன்."

"தொழில்தானேன்னு நீங்க சொல்றீங்க. துணியத் தொட்டதும் உங்க முகம் எப்படி மலர்ந்துச்சுன்னு நான் பாத்தேன்" என்றார் சிஸ்டர். குரல் உயரவில்லை, இறங்கவும் இல்லை. "நிறுத்துவாங்கன்னு யாரு சொன்னா? குறைக்கலாம், தள்ளிப்போடலாம், வேற மாத்தலாம். எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா விரல் எப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியணுமில்ல? உள்ள போனதும் நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன். இத மறைக்க நான் ஒத்துக்கவே மாட்டேன்."

டாக்டரின் அறைக்குள் மூவருமாகப் போனார்கள். டாக்டர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் அந்தப் பாழாய்ப்போன கேள்விதான் வாயில் வந்தது. "எப்படி இருக்கீங்க?"

"நல்லா..." என்றார் தையல்காரர். அப்படியே நின்றுவிட்டார்.

சிஸ்டருக்கு வார்த்தை நுனிநாக்கில் இருந்தது. விழுங்கிக்கொண்டார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவர் முழங்கையை மெல்லத் தொட்டு நிறுத்தினார். டாக்டர் எழுதுவதை விட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா இல்ல டாக்டர்" என்றார் தையல்காரர். இரண்டு கைகளையும் மேசை மேல் மல்லாத்தி வைத்தார். விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள் கருத்துப்போய்க் கிடந்தன.

டாக்டர் அவருடைய முழுக்கைச் சட்டையின் வலது கைப் பட்டனைக் கழற்றி மேலே மடித்துவிட்டு, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை அழுத்தி அழுத்திக் கேட்டார். இடது கையிலும் அப்படியே. "இத முன்னாடியே சொல்லியிருக்கணும். சரி, இப்பவாவது சொன்னீங்களே. இன்னைக்குப் பழைய அளவுல ஏத்தப் போறதில்ல. குறைச்சுத்தான்."

"குறைச்சா அது திரும்பி வந்துடாதா?"

"இதுவரைக்கும் மருந்துக்கு நோய் நல்லா கேட்டிருக்கு. சிகிச்சைய நான் நிறுத்தல, அளவை மாத்துறேன். சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால முடியாது. ஆனா இந்த விரலை வச்சுக்கிட்டு அதே அளவு ஏத்துனா அதுதான் தப்பு."

"விரலு?"

"கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம். எவ்வளவு திரும்பும்னு பொறுத்துத்தான் பாக்கணும்."

தையல்காரர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முதுகு வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்திருந்தது. டாக்டர் மணியை அழுத்தினார். அடுத்த நோயாளி கதவைப் பாதி திறந்துகொண்டு எட்டிப் பார்த்தார். இடது கைப் பட்டனை மனைவி எப்போதோ போட்டுவிட்டிருந்தார். வலது கைக்கும் அவர் குனிந்தபோது தையல்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

"விடு. நானே போட்டுக்கறேன்."

பட்டன் துளையைத் தொட்டுவிட்டு நழுவியது. மறுபடியும் நழுவியது. வாசலில் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார், முடித்துவையுங்கள் என்பதுபோல.

சிஸ்டர் அறை மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டார். தையல்காரரின் முகத்துக்குக் கீழே தன் முகம் வரும்படி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.