ஒரு பிளக் பாயிண்ட்டுக்காக

போன ஞாயிற்றுக்கிழமை இலஞ்சியில் இருந்தேன். பெரியம்மா மகள் செண்பகம் அக்கா வீடு. அக்காவுக்கு நுரையீரல் பழுது. மூக்கில் குழாய், கட்டிலருகே கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் – அதுதான் இப்போது அவள் உயிர்.

நல்ல சாரல். மத்தியானம் காற்றில் ஒரு மரம் லைன்மேல் சாய்ந்தது. கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது.

அக்காவின் உதடு நீலமாகத் தொடங்கியது.

சீசன் கூட்டத்தில் ரோடு அடைத்துக் கிடக்கிறது, ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். அவளையும் மெஷினையும் என் காரில் ஏற்றி, அத்தானும் நானும் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். எங்கே நகர்வது? முன்னும் பின்னும் அருவியில் குளிக்க வந்தவர்களின் வேன்கள்...

ஓரமாக ஒரு லாட்ஜ். உள்ளே ஜெனரேட்டர் உறுமியது. பட்டப்பகலில் சீரியல் லைட் மினுங்கியது. அத்தான் இறங்கி ஓடினார்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைமேல் அணைக்கட்டு பவர் ஹவுஸில் டர்பைன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். தண்ணீரைத் திறந்துவிட்டு நமக்கெல்லாம் வெளிச்சம் அனுப்பியவர். மழைக்காலத்தில் லீவு கிடையாது. அக்காவின் பிரசவத்துக்கே குழந்தை பிறந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்.

லாட்ஜ் மேனேஜர் கெட்டவர் இல்லை. ரூம் ஃபுல், ரிசப்ஷனில் நோயாளியை உட்கார வைத்தால் கெஸ்ட் முகம் சுளிப்பார்கள், ஓனரைக் கேட்க வேண்டும் என்றார். அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். ஓனர் ஃபோனை எடுக்கும்வரை நின்றோம். ஏ.சி. ஜில்லென்று ஓடியது.

கடைசியில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாயிண்ட் கிடைத்தது. மீன்களுக்குக் காற்றுக் குமிழி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

ஈரத் துண்டோடு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அக்காவுக்கு மெல்ல மூச்சு சீரானது. அத்தான் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கே கரண்ட் விட்டேன் மாப்ளே... இன்னைக்கு எம் பொண்டாட்டி மூச்சு விட, அடுத்தவன் வாசல்ல நிக்கேன்."

மரம் சாய்ந்தது யார் குற்றமும் இல்லை. தெரியும். ஆனால் சீரியல் லைட்டுக்குக் கேட்காமலே கிடைக்கிற கரண்ட், ஒரு மனுஷியின் மூச்சுக்கு மட்டும் ஓனர் பர்மிஷனுக்குக் காத்திருக்கிறதே... இதை யாரிடம் போய்க் கேட்பது?

சாயங்காலம் கரண்ட் வந்த செய்தி கேட்டுக் கிளம்பினோம். மேனேஜர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "அடுத்த தடவை வர்றதுக்கு முன்ன ஒரு ஃபோன் போட்டுருங்க சார்."

மூச்சுத் திணறப் போவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் – அவ்வளவுதான்!